கீசர் விற்குமுன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் நம் ஊர் எலக்ட்ரிகல், ஹார்டுவேர் கடைகளில் கீசர் வியாபாரம் சூடு பிடிக்கும். கார்த்திகை தீபத்துக்குள் அறைகளைத் தயார்படுத்த வேண்டிய லாட்ஜ்காரர்கள் ஐந்து, பத்து என்று எடுப்பார்கள். ஓரிரு வருடத்தில் அவற்றில் சில "காயில் போச்சு" என்று கடை வாசலுக்குத் திரும்பி வரும். கம்பெனி சரியில்லை என்று சொல்லி வாடிக்கையாளர் வேறு கம்பெனி கேட்பார். பெரும்பாலும் காரணம் அவர் வீட்டு போர் தண்ணீராகவே இருக்கும்.

திருவண்ணாமலை கடும்பாறைப் பகுதி. சாத்தனூர் அணையிலிருந்து வரும் நகரக் குடிநீரைவிடப் பாறையில் ஊறிய போர் தண்ணீரில் பொதுவாகச் சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடுதல். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. தண்ணீர் சூடாகும்போது இந்தச் சுண்ணாம்பு வெளியேறிக் காயில் மேல் ஓடாகப் படிகிறது. 60 டிகிரிக்கு மேல் போனால் படிவு வேகமாகிறது. ஓடு தடித்ததும் காயிலின் சூடு தண்ணீருக்கு இறங்க வழியின்றி, காயிலே அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கிறது. மின்சாரம் வீணாவது சொற்பம்தான். காயில் போவதும், தீப நாளில் அறை வாடகை போவதுமே பெரிய நஷ்டம்.

ஆகவே, வாடிக்கையாளர் எத்தனை லிட்டர் என்று கேட்குமுன் நாம் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். சோப்பு நுரைக்கிறதா, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும். மொத்தமாக வாங்கும் லாட்ஜ்காரரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை சோதித்துவரச் சொல்லலாம். பல கம்பெனிகளின் வாரண்டி அட்டையில் கடினத் தண்ணீர் பற்றிய நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். விற்கும்போதே அதைப் படித்துக் காட்டிவிட்டால் பின்னால் வாக்குவாதம் இராது.

இனி, பழுது என்று வருபவரிடம் உடனே புதுக் காயிலை நீட்டாமல் காரணம் பார்ப்பது எப்படி? எலக்ட்ரீசியனிடம் டாங் டெஸ்டர் இருந்தால் போதும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8 முதல் 9 ஆம்பியர் எடுக்க வேண்டும். ஒன்றுமே எடுக்கவில்லையென்றால் காயில் அறுந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் கட்டாகியிருக்கும். சரியாக எடுத்தும் உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் சுண்ணாம்பு. சரியாக எடுத்துச் சத்தமும் இல்லாமல் வெதுவெதுப்பாகவே வந்தால் எங்கோ ஒரு மிக்ஸர் குழாய் வழியே பச்சைத் தண்ணீர் கலக்கிறது.

மின்னழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே 2000 வாட் கீசர் சுமார் 1200 வாட்தான் தரும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சாதாரணமாக அரை மணி நேரம் போதும். அப்போது 50 நிமிடம் ஆகும். கூட்ட நாளில் "மிஷின் வீக்" என்று வரும் புகார் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் வேறு பேச்சே கூடாது. மெயினை நிறுத்தச் சொல்லுங்கள். எர்த் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் மறுபடி ஓட விடக் கூடாது. சன்னலில்லாத குளியலறைக்கு கேஸ் கீசர் கேட்டால், வியாபாரம் போனாலும் பரவாயில்லை, கொடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

லாட்ஜுக்கு எது ஏற்றது என்பது தனிக் கணக்கு. இருபது அறைக்கு இருபது 2000 வாட் கீசர் மாட்டினால், 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து விடியற்காலையில் வருபவர்கள் ஒரே நேரத்தில் போடும்போது 40 கிலோவாட். அனுமதி பெற்ற லோடு தாங்குமா என்று முதலில் கேளுங்கள். சோலாரில் பகலில் காய்ந்த தண்ணீர் பொதி டேங்கில் விடியும்வரை சூடு நிற்கும் என்பதால் பௌர்ணமிக்குப் பொருத்தமே. ஆனால் தீபம் வருவதோ மழை மாதத்தில், ஆகவே மின்சாரத் துணைக் காயில் இல்லாமல் விற்பது வம்பு. கடினத் தண்ணீரானால் விலை கூடினாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தகட்டு வகையைச் சொல்லுங்கள். கண்ணாடிக் குழாய் வகை மலிவு. வருடந்தோறும் குழாய் கழற்றிக் கழுவ ஆள் இருந்தால் அதுவும் ஓடும். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகியிருப்பதைக் கொட்டேஷனில் கவனிக்கவும்.

விற்ற கருவிகளைப் புரட்டாசியிலேயே திறந்து சுத்தம் செய்யச் சொல்வது நல்லது. காயிலைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்தால் ஓடு கழன்றுவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட் கூடாது, அது செம்பை அரிக்கும். அப்போதே மக்னீசியக் கம்பியையும் பார்க்க வேண்டும். அது கரைந்து தீர்ந்தால் அடுத்து டேங்க்தான் துருப்பிடிக்கும், ஓட்டையான டேங்குக்குப் பழுதுபார்ப்பு இல்லை. காயில், கேஸ்கெட், தெர்மோஸ்டாட், மக்னீசியக் கம்பி ஆகியவற்றை ஐப்பசிக்குள் ஸ்டாக் எடுத்து வையுங்கள். தீப வாரத்தில் பிளம்பரும் கிடைக்கமாட்டார், பார்சலும் நேரத்துக்கு வராது.