நாயைத் துரத்தினால் தெள்ளு போகுமா?

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல, கையில் அகப்பட்ட பொருட்களோடு வீட்டு நாயையும் பூனையையும் கூட்டி வந்திருக்கின்றன. இரவில் நாய் கொட்டிலுக்குக் காவல். பூனை விதைநெல்லை எலியிடமிருந்து காக்கிறது. ஆனால் கொட்டில்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் தெள்ளு பெருகிவிட்டால் பிள்ளைகள் இரவிரவாகச் சொறிந்துகொண்டு நித்திரையின்றிக் கிடப்பார்கள். அயலவருக்குள் மனத்தாங்கல் வரும். ஈற்றில், "நாயைத் துரத்துங்கோ" என்ற பேச்சு எழும். துரத்தினால் தெள்ளு போய்விடுமா? இதற்கு விடை காண, தெள்ளு எங்கே வளர்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தெள்ளின் வாழ்க்கை

நாயின் உடம்பில் நாம் காண்பது வளர்ந்த தெள்ளை மாத்திரமே. அது மொத்தத்தில் ஏறக்குறைய 5 வீதந்தான். மிகுதி 95 வீதமும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் மண்ணிலும், சாக்கிலும், பாயிலும், தரை வெடிப்பிலும் கிடக்கிறது.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டை மயிரில் ஒட்டி நிற்காது. நாய் படுத்தெழும்பும் இடத்தில் உதிர்ந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி, ஈரலிப்பான நிழல் மண்ணில் ஒளிந்து வாழும். கடும் வெயிலிலும் வறட்சியிலும் அது செத்துவிடும். வளர்ந்த புழு நூலாற் கூடு கட்டும். கூட்டில் மண் ஒட்டிக்கொள்வதால் நம் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் இலேசில் உள்ளே போகாது. நமது வெப்பத்தில் முட்டை தெள்ளாக மாற மூன்று, நாலு கிழமை போதும். ஆனால் காலடி அதிர்வும் உடற்சூடும் கிடைக்காவிட்டால், கூட்டுக்குள்ளேயே சில மாதங்கள் காத்திருக்கவும் அதனால் முடியும்.

வெள்ளத்துக்குப் பயந்து சில கிழமை விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பிக் காலடி வைத்ததும், தெள்ளு கூட்டமாகக் காலில் ஏறுவது இதனாலேதான். ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு என்றால், கட்டாக்காலி நாயோ மரநாயோ அங்கே படுத்திருக்கக்கூடும்.

ஆகவே நாயைத் துரத்தினாலும் தரையிலுள்ள தெள்ளு போகாது. நாயில் ஏறவேண்டியது பிள்ளையின் காலில் ஏறும்.

என்ன தீங்கு?

சிறு குட்டிகளில் தெள்ளு மிகுந்தால் இரத்தம் குறைந்து அவை இறந்தும் போகும். முரசு வெளிறியிருந்தால் ஆபத்து என அறியுங்கள். நாடாப்புழுவும் தெள்ளின் மூலம் பரவுகிறது. தெள்ளை விழுங்கும் நாய், பூனைக்கு மட்டுமன்றி, தற்செயலாக விழுங்கிவிடும் சிறுபிள்ளைக்கும் அது வரும். எலித் தெள்ளு ஒருவகைக் காய்ச்சலையும் பரப்பும். தெள்ளுக் கடியோடு கடுங்காய்ச்சலும் தலையிடியும் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; தெள்ளு கடித்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தெள்ளு இருக்கிறதா?

நாயின் வாலடியில் மயிரை விலக்கிப் பாருங்கள். கரிய தூள் இருந்தால் அதை நனைந்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்மண் நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். ஒரே இடத்தில் கடித்துப் பிடித்திருப்பது உண்ணி, அது பாயாது.

செய்ய வேண்டியவை

1. நாய்க்கு ஒரே படுக்கை கொடுங்கள். இரண்டு சாக்குகளை மாற்றி மாற்றிப் பாவியுங்கள். கிழமைக்கு ஒரு முறையாவது சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலில் காயவிடுங்கள்.

2. நாய் படுக்கும் மண்ணை இரண்டங்குல ஆழத்துக்கு வெட்டியெடுத்து, வெயிலில் மெல்லியதாகப் பரப்புங்கள். தரை வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து மெழுகுங்கள்.

3. தினமும் கூட்டுங்கள். மூலை முடுக்கு, பெட்டிகளின் அடி, பாயின் கீழ் எல்லாம் கூட்டி, குப்பையைக் கொட்டிலுக்கு எட்டத்தில் எரியுங்கள்.

4. நாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை பூசினால் தெள்ளு தலைப்பக்கம் ஓடாது. நுரையைப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். குட்டியானால் வெயில் நேரத்தில் கழுவி உடனே துடையுங்கள்.

5. பூனையைப் பேன்சீப்பால் வாருங்கள். அகப்படும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நசுக்க வேண்டாம்.

6. இவற்றை ஆறு கிழமையாவது விடாமற் செய்யுங்கள். முதற் கிழமையில் தெள்ளு குறையாவிட்டால் மனந்தளர வேண்டாம்; முன்னரே கட்டிய கூடுகளிலிருந்து அவை வெளிவந்துகொண்டிருக்கும்.

செய்யக்கூடாதவை

பயிருக்கு அடிக்கும் மருந்தை நாயிலோ கொட்டிலிலோ தெளிக்காதீர்கள். நாய் உடம்பை நக்கும். பிள்ளை தரையில் தவழும். இரண்டுக்கும் அது நஞ்சு. மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பேமெத்திரின் பூனையைக் கொன்றுவிடும். வேப்பிலை அவித்த நீரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கழுத்தில் விடும் துளிமருந்து நல்ல பலன் தரும். ஆனால் மிருகத்தின் நிறை, வயது பார்த்துக் கால்நடை வைத்தியர் சொல்லும் அளவிலேயே பாவியுங்கள்.

கூடிச் செய்வோம்

ஒரு கொட்டிலை மட்டும் துப்புரவாக்கினால், அடுத்த கொட்டில் நாயோடு தெள்ளு மீண்டும் வந்துவிடும். ஒரு வரிசையிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் கழுவி, கூட்டி, சாக்கு அவித்தால் விறகும் மிச்சம், வேலையும் பலிக்கும்.

கலந்துரையாட:

1. நமது இடத்தில் நாய், பூனைகள் எங்கெங்கே படுக்கின்றன?
2. எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்ய எந்த நாள் வசதி? பெரிய கிடாரம் யாரிடம் உண்டு?
3. நடமாட முடியாத முதியவர்களின் கொட்டிலை யார் கூட்டுவது?