டிராக்டரில் ஓயாத எண்ணெய்க் கசிவு

நமது சங்கத்து டிராக்டருக்குச் சென்ற நடவுப் பருவத்தில் மூன்று முறை ஆயில் சீல் மாற்ற நேர்ந்ததை அங்கத்தினர் பலர் அறிவர். சுழல் கலப்பைக்கு விசை கொடுப்பதற்காக வண்டியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டின் அடியில்தான் கசிவு. புதிய சீல் போட்டால் நாலைந்து நாள் உலர்ந்திருக்கும். பிறகு மறுபடியும் சொட்டும். வயலில் தண்ணீரைக் கட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அரை நாள் வீணாயிற்று. "சீல் போலிச் சரக்கு" என்று ஒருவர் சொல்ல, நாமும் அதை நம்பினோம். அது தவறென்று பின்னரே கண்டோம்.

சீல் என்பது வெளியே இரும்பு வளையமும், உள்ளே ரப்பர் விளிம்பும், அவ்விளிம்பைத் தண்டின்மேல் இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள் கம்பியும் கொண்ட சிறு பொருள். பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று வீதம் சுழலும்போது ஒரு மணி நேரத்தில் 32,400 சுற்றுகள் ஆகின்றன. தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், ரப்பர் விளிம்பு மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் தூரம் இரும்பின்மேல் உரசுகிறது. தண்டு வழவழப்பாகவும் ஆட்டமின்றியும் இருந்தால் இவ்வுழைப்பை அது நெடுநாள் தாங்கும். இல்லையேல் எவ்வளவு உயர்ந்த சீலும் தாங்காது. ஒரே இடத்தில் பாவு நூல் அடிக்கடி அறுந்தால், நெசவாளர் அதை முடிந்துகொண்டே இருப்பதில்லை; அச்சில் எந்தப் பல் கோணியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். இங்கும் அப்படியே.

முதலில் கசிவு எங்கே பிறக்கிறது என்று காண வேண்டும். எண்ணெய் மேலே ஓரிடத்தில் கசிந்து, கீழே வேறோரிடத்தில் சொட்டுவது வழக்கம். வண்டியின் பின்புறத்தை டீசலால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவுக. பத்து நிமிடம் தண்டை ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்திச் சாவியையும் எடுத்த பின்னரே அருகே சென்று பார்க்க வேண்டும். சுழலும் தண்டு வேட்டி நுனியைப் பற்றினால் ஆளையே இழுத்துவிடும். தூள் முதலில் கறுத்த இடமே கசிவின் பிறப்பிடம். கறுப்பு பின் சக்கரத்தின் உட்புறம் தெரிந்தால், அது அச்சுத் தண்டின் சீல். சில வண்டிகளில் அவ்வெண்ணெய் பிரேக்கினுள் இறங்கும். அந்நிலையில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு சாலையில் செல்லவே கூடாது.

அடுத்து மூச்சுத் துளையைக் கவனிக்க. கியர் பெட்டியின் மேலே ஒரு சிறு மூடியில் அது இருக்கும். வேலையின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து அவ்வழியே வெளியேற வேண்டும். சேற்றுழவில் தெறித்த சேறு காய்ந்து துளையை அடைத்துவிட்டால், காற்று வேறு வழியின்றி எண்ணெயைச் சீலின் விளிம்பு வழியே தள்ளுகிறது. நமது வண்டியிலும் அம்மூடி அடைத்தே இருந்தது. கழுவிப் போட்டதும் கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

எண்ணெயின் அளவு மிகுந்தாலும் இதே தொல்லைதான். கியர் பெட்டிக்கும் தூக்கிக்கும் ஒரே எண்ணெய் உள்ள வண்டிகளில், டிரெய்லரின் தொட்டியைத் தூக்கி வைத்த நிலையில் அளவு பார்த்துச் சிலர் எண்ணெய் ஊற்றிவிடுகின்றனர். தொட்டி இறங்கியதும் அதன் உருளையில் இருந்த எண்ணெயும் திரும்பிவந்து பெட்டி நிரம்பி வழிகிறது. சமதரையில், எல்லாவற்றையும் இறக்கி வைத்தே அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

பழைய சீலைக் கழற்றியவுடன் தண்டைத் துடைத்து, விளிம்பு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்ப்பது பெருந்தவறு. அந்தக் கீறல்களே எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடும். சீல் அமரும் குழியில் இடமிருந்தால், புதியதை இரண்டொரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தி, விளிம்பைத் தேயாத இடத்தில் ஓடச் செய்யலாம். இடமில்லையேல் தண்டின்மேல் மெல்லிய எஃகுக் குழலைப் போர்த்துவதோ, தண்டையே மாற்றுவதோதான் வழி.

சீலைப் பொருத்தும் முறையிலும் பிழை நேர்கிறது. சுருள் கம்பியுள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் எண்ணெய் தடவாமல் ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே கருகும். தண்டின் நுனியிலுள்ள வரிப்பற்கள் கத்தி போன்றவை. மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி, அதன்மேல் சீலை நழுவவிட வேண்டும். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடிக்காமல், வெளிவளையத்தின் அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் நமது வண்டி சொட்டியது. நான்காவது சீல் வாங்கப் பணம் கேட்டபோதுதான் யாருக்கோ தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கத் தோன்றிற்று. கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. பேரிங் தேய்ந்திருந்தது, தண்டு வட்டம் தப்பிச் சுழல, விளிம்பு அதைத் தொடர முடியாமல் எண்ணெயை விட்டுவிட்டது.

பேரிங் ஏன் தேய்ந்தது? நாம் அப்பருவத்தில் வாடகைக்கு எடுத்திருந்த சுழல் கலப்பை வேறொரு வண்டிக்காக அமைந்தது. அதை நம் வண்டியோடு இணைக்கும் நீளும் தண்டு நமக்கு நீளம் மிகை. கலப்பையைத் தூக்கும்போது உட்குழாய் வெளிக்குழாயின் அடியில் முட்டி, பி.டி.ஓ. தண்டை உள்நோக்கி இடித்தது. வரப்புத் திருப்பத்துக்குத் திருப்பம் தூக்குவதால், நாளொன்றுக்கு எத்தனை இடி விழுந்தது என்பதை எண்ணிக்கொள்ளலாம். இதில் மெக்கானிக்கின் மேலோ சீல் விற்ற கடைக்காரர் மேலோ பழியில்லை. அளக்காமல் மாட்டிய நாமே பொறுப்பு.

இணைப்புத் தண்டை அளக்கும் விதம் எளிது. இரு பாதிகளையும் பிரித்து, ஒன்றை வண்டியிலும் மற்றதைக் கலப்பையிலும் மாட்டி, கலப்பையை மெல்லத் தூக்கி இறக்கி, இரு முனைகளும் மிக நெருங்கும் உயரத்தில் நிறுத்துக. எஞ்சினை நிறுத்தி, தூக்கிய கலப்பைக்கு முட்டுக் கொடுத்த பின்னரே பாதிகளைப் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்நிலையிலும் குழாய்க்கு ஓர் அங்குலமேனும் ஓட இடமிருக்க வேண்டும். இல்லையேல் உட்குழாய், வெளிக்குழாய், மேலுறை ஆகியவற்றைச் சம அளவாக அறுத்து, பிசிறை அரத்தால் நீக்கி, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். கலப்பையை முழுதும் இறக்கினால் இரு குழாய்களும் தம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று நிற்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்க.

கலப்பைக்காரரின் சம்மதத்தோடு தண்டை அறுத்து, பேரிங்கையும் சீலையும் ஒருசேர மாற்றினோம். அன்று முதல் அவ்விடம் உலர்ந்தே இருக்கிறது. அங்கத்தினர் எவரேனும் தம் சொந்தக் கலப்பையைச் சங்க வண்டியில் மாட்ட விரும்பினால், முந்தின நாள் மாலையே கொட்டகைக்குக் கொண்டுவந்து ஓட்டுநரிடம் அளவு பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.