இலையைத் திருப்பினீர்களா? வெள்ளரி கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடித்ததும் வெள்ளரிக் கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

மாடியில் பந்தல் போட்டு வெள்ளரி வளர்க்கிறேன். காய்ப்புக்கு வந்த நேரத்தில் கீழ் இலைகளில் மஞ்சள் புள்ளிகள். சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டக் கலவையை இரண்டு முறை கொடுத்தேன். புள்ளிகள் குறையவில்லை, இப்போது இலை கருகவும் தொடங்கிவிட்டது. – தாம்பரம் வாசகி

அம்மா, கடிதத்தில் உரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இலையின் அடிப்புறம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நாளை வெயில் ஏறுவதற்கு முன் மாடிக்குப் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் புள்ளிகள் நரம்புகளுக்கு இடையில் அடைபட்டுக் கட்டம் கட்டமாக இருந்து, அதே இடத்தில் அடிப்புறம் சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூசணம் தெரிந்தால், அது அடிச்சாம்பல் நோய். பத்து மணிக்கு மேல் போனால் படலம் காய்ந்திருக்கும், ஒன்றும் தெரியாது. சந்தேகம் தீரவில்லையா? ஓர் இலையைப் பறித்து, ஈரக் காகிதத்தோடு பாலித்தீன் பையில் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் அதுவே சொல்லிவிடும்.

உறுதியானால் புள்ளி விழுந்த கீழ் இலைகளை, செடி காய்ந்திருக்கும் நேரத்தில் கிள்ளி எடுங்கள். கொடிகளைப் பிரித்துக் கட்டிக் காற்றுக்கு வழிவிடுங்கள். மருந்துதான் வேண்டுமென்றால் மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை. இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். மேலே மட்டும் பீய்ச்சிவிட்டு மருந்து சரியில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். விழுந்த புள்ளி மறையாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நுண்ணூட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பூவெல்லாம் கொட்டுகிறது. பூசண நோயா? – சேலம் வாசகர்

கொட்டுவது ஆண்பூ. மலர்ந்த மறுநாள் கொட்டத்தான் செய்யும். பிஞ்சோடு சேர்ந்து கொட்டினால் எழுதுங்கள்.

எங்கள் ஊரில் மழையே இல்லை. ஆனாலும் இலையின் மேல் பவுடர் கொட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. பால் தெளித்தால் போகும் என்கிறார்கள். நம்பலாமா? – மதுரை வாசகர்

நம்பலாம். இது சாம்பல் நோய், மேலே தாம்பரத்துக்காரருக்குச் சொன்னது வேறு நோய். இந்தப் பூசணம் முளைக்க இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காற்றில் கொஞ்சம் ஈரப்பதமும் நெருக்கமான கொடியின் நிழலும் போதும். பால் வைத்தியம் பாட்டி வைத்தியம் என்று நானும் சிரித்திருப்பேன். ஆனால் பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல் என்ற ஆராய்ச்சியாளர் வெள்ளரிக் குடும்பத்துச் சுக்கினிச் செடியில் சோதித்து 1999இல் வெளியிட்டிருக்கிறார். பத்துக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் பால் கலந்த தெளிப்பு, பூசணக்கொல்லிக்கு ஈடாக வேலை செய்தது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளை தெரிந்த அன்றே தொடங்கி, வாரம் ஒருமுறை காலையில் அடியுங்கள். செடி முழுக்க வெளுத்த பிறகு பாலை வீணாக்காமல் காப்பி போட்டுக் குடிக்கலாம். அடிச்சாம்பலுக்கு இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கந்தகத் தூள் தூவச் சொல்வார்கள். வெள்ளரிக் குடும்பத்துக்கு அது ஆகாது, இலை பொசுங்கும்.

தாத்தா திராட்சைக்கு அடித்த போர்டோ கலவையை வெள்ளரிக்கு அடிக்கலாமா? – கம்பம் வாசகர்

திராட்சைக்கு வரும் அடிச்சாம்பலுக்காகவே பிறந்த கலவை அது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் திருடர்களை விரட்ட மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் பூசிவைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியல் அறிஞர் கவனித்து, சோதித்து, 1885இல் எழுதினார். அருமையான கதைதான். ஆனால் வெள்ளரி இலை திராட்சை இலை அல்ல. இளம் கொடி கருகும். வேண்டாம்.

மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் பூவாளியால் செடியை நன்றாகக் குளிப்பாட்டுகிறேன். மருந்துக்கடையில் கேட்டுக் கார்பென்டசிம் அடித்தேன், பிறகு சூடோமோனஸ், வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம் என்று எல்லாம் மாற்றி மாற்றி அடித்துவிட்டேன். அடிச்சாம்பல் நிற்கவில்லை. அடுத்து என்ன அடிக்கலாம்? – கோவை வாசகர்

ஒன்றும் அடிக்காதீர்கள். பூவாளியை எடுத்துப் பரணில் போடுங்கள்.

இதை எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அடிச்சாம்பல் கிருமி அசல் பூசணம் அல்ல. தண்ணீரில் வாழும் பாசிகளுக்குத் தூரத்து உறவு. அதன் வித்து காற்றில் வந்து இலையில் விழும். இலை காய்ந்திருந்தால் அங்கேயே செத்துவிடும். ஈரம் சில மணி நேரம் நின்றால் வித்து வெடித்து, வாலுள்ள குட்டி வித்துகள் வெளியே வந்து, அந்தத் தண்ணீரிலேயே நீந்திப்போய், இலைத்துளை வழியாக உள்ளே நுழையும். 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி அதற்கு உகந்தது. உங்கள் ஊர் மழைக்கால இரவும் அதை நெருங்கித்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு நீங்கள் ஆறு மணிக்கு நனைத்த இலை மறுநாள் காலை எட்டு மணி வரை காயாமல் கிடக்கிறது. மழைக்கும் பனிக்கும் நாம் பொறுப்பல்ல. பூவாளிக்கு நாம்தான் பொறுப்பு.

செடிக்குக் குளியல் தேவையில்லை சார். காலையில், தூரில், மண் நனைய ஊற்றுங்கள். மாலையில்தான் நேரமென்றால் மாலையிலேயே ஊற்றுங்கள், ஆனால் இலையில் ஒரு சொட்டுப் படக்கூடாது. சொட்டுநீர்க் குழாய் போட முடிந்தால் இன்னும் நல்லது. தூருக்கு மேல் ஓரடி வரை இலைகளைக் கழித்துவிடுங்கள். மண் தெறிக்காமல் மூடாக்குப் போடுங்கள். அடுத்த முறை இத்தனை நெருக்கி நடாதீர்கள்.

கார்பென்டசிம் விஷயத்துக்கு வருகிறேன். சாம்பல் நோய்க்குத் தரும் மருந்து அது. அடிச்சாம்பலை அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்த மருந்து தாக்கும் இடம் அசல் பூசணத்தில்தான் இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ‘இலையில் பூசணம்’ என்று மட்டும் கேட்டால் அவர் கைக்கு எட்டுவதைக் கொடுப்பார். சூடோமோனஸ் நல்லதுதான். ஆனால் அதை விதைநேர்த்திக்கே வைத்திருக்க வேண்டும், கிலோ விதைக்கு 10 கிராம். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவானேன்?

நோய் எதிர்ப்பு ரகம் என்று அச்சிட்ட விதை வாங்கினால் கவலையில்லையா? – திருவண்ணாமலை வாசகி

கவலை குறையும். அமெரிக்காவின் வெள்ளரிகளை அடிச்சாம்பலிலிருந்து நாற்பது ஆண்டுகளாகக் காத்துவந்த எதிர்ப்புக் குணம் இந்தியாவிலிருந்து போன ஒரு வெள்ளரி வகையில் கிடைத்தது. 2004இல் அங்கே புதுத் தாக்குதல் கிளம்பியதும் அந்த அரண் சரிந்தது. கிருமியும் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பு ரகத்தையே வாங்குங்கள், கூடவே காலையில் இலையையும் பாருங்கள். தை, மாசியில் விதைத்தால் வெயில் காலத்தில் காய்ப்பு வரும். அடிச்சாம்பல் தொல்லை குறைவு.

ரோஜாவில் வந்த வெள்ளைதான் வெள்ளரிக்கும் தொற்றியதா? – ஓசூர் வாசகர்

இல்லை. அது வேறு, இது வேறு. பக்கத்தில் இருக்கும் பாகலையும் பீர்க்கையும் பாருங்கள்.

இலைகள் சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படர்ந்திருக்கிறது. எந்தப் பூசணக்கொல்லி? – தஞ்சை வாசகர்

எதுவும் இல்லை. இது வைரஸ். செடியைப் பிடுங்கிவிட்டு, மற்றச் செடிகளின் கொழுந்தில் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள்.

நோய் வந்த கொடியில் காய்த்த காயைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? – திருச்சி வாசகி

தாராளமாக. இலையில் வரும் இந்தப் பூசணங்கள் மனிதரைத் தொடுவதில்லை. மருந்து தெளிப்பதற்கு முன்பே பறிக்கும் பருவத்துக் காய்களைப் பறித்துவிடுங்கள். தெளித்த பிறகு உறையில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்துதான் அடுத்த பறிப்பு. இலை கொட்டிய கொடியில் காய் கோணலாகவும் வெயிலில் வெளுத்தும் இருக்கும், தின்ன ஒரு தடையுமில்லை. கசந்தால் மட்டும் துப்பிவிடச் சொல்லுங்கள். அது நோயால் வருவதல்ல. வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் அப்படி ஆகும். ரொம்பக் கசந்தால் வயிற்றைக் கெடுக்கும்.