ஓடவரும் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தரப்போகிறீர்களா?

திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் தொடரோட்ட அணியில் ஓடினார். அதைப் பார்த்துத் திருச்சி தென்னூர் உழவர் சந்தை மைதானத்துக்கு வரும் சிறுமிக்குத் தன்னார்வலர் முதலில் கொடுக்க வேண்டியது வேகமல்ல, ஒழுங்கு. பயிற்சியாளர் படிப்பு படிக்காதவர் எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்கலாம். நுட்பத்துக்குப் படிப்பு வேண்டும்தான். ஆனால் தொடக்கத்தில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். மூச்சிரைத்துப் பேச்சு நின்றால் நடக்கவிடுங்கள். திருச்சி வெயிலுக்குக் காலை ஆறு மணியே நல்ல நேரம். ஸ்டாப்வாட்ச் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சீக்கிரம் களைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாளா என்று விசாரியுங்கள். பெற்றோரிடம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாளில் ஓடலாமா என்பது வீட்டில் எழும் அடுத்த கேள்வி. அவளுக்கு முடிந்தால் ஓடலாம், வலித்தால் உட்காரலாம். ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் நின்றால் மருத்துவரிடம் போகவேண்டும், சாப்பாடு போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம். பவுடர், ஊசி என்று யார் நீட்டினாலும் மறுக்கப் பழக்குங்கள்: 2019 தோஹா ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வென்ற திருச்சி கோமதி மாரிமுத்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, தங்கத்தை இழந்தார். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய பெற்றோரின் பயம் நியாயமானது. எந்தப் பிள்ளையுடனும் தனியே இருக்காதீர்கள், இன்னொரு பெண்மணி எப்போதும் உடனிருக்கட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.