எராவில்லாப் பந்தயப் படகு

‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று. சோழமண்டலக் கரைக்கு வந்து சென்ற வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லை எடுத்தாண்டுள்ளார். ஆனால், இன்று உலகம் அச்சொல்லால் குறிப்பது நம் கட்டுமரத்தையன்று. இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகையே குறிக்கிறது. அவ்வடிவம் பசிபிக் தீவினர் பன்னெடுங்காலமாகக் கையாண்ட இரட்டை ஓடத்தின் வழிவந்தது. சொல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

ஆயினும், இரண்டையும் இணைப்பது ஒன்றுண்டு. துறைமுகம் இல்லாத, அலை முறிந்து விழும் மணற்கரையிலிருந்து கடலுக்குள் இறங்கவும் மீண்டும் கரையேறவும் வேண்டும் என்பதே அது. ஆழ்ந்த எராவுடைய கலம் அங்கே மணலில் சிக்கிக்கொள்ளும். கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து விற்றுவந்த ஹோபி ஆல்ட்டர், 1960களின் இறுதியில் இச்சிக்கலுக்கு விடை தேடினார். அவ்வாறு உருவான படகுகளுள் புகழ்பெற்றது ‘ஹோபி 16’. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் இவ்வகையில் கட்டப்பட்டுள்ளன.

இதன் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை ஏறத்தாழ 145 கிலோகிராம். நுரைப்பொருளின் இருபுறமும் கண்ணாடியிழையைப் பொதிந்து இதன் உடல்கள் செய்யப்படுகின்றன. அலைச்சறுக்குப் பலகையில் கைபழகியவருக்கு இம்முறை புதிதன்று. அமர்வதற்குப் பலகைத் தளம் கிடையாது. இழுத்துக் கட்டிய துணியே தளம். குறுகிய தூண்கள் அத்தளத்தை உடல்களுக்கு மேலே உயர்த்திப் பிடிப்பதால், அலை அடியில் புகுந்து சென்றுவிடும்.

எடையைக் குறைத்ததனால் விரைவு கிட்டியது என்று மட்டும் சொல்வது பாதி விடையே. அகன்ற உடலுடைய படகு செல்லும்போது முன்னும் பின்னும் அலைகளை எழுப்பி, அவற்றிடையே தோன்றும் பள்ளத்தில் தானே அமிழ்ந்து கிடக்கிறது. விசையை மிகுத்தாலும் அதன் வேகம் எளிதில் கூடுவதில்லை. ஒடுங்கிய உடலோ பேரலை எழுப்பாமல் நீரைக் கிழித்துச் செல்கிறது. ஆனால், ஒடுங்கிய உடல் தனித்து நின்றால் கவிழ்ந்துவிடும். ஆகவேதான் அதற்கு ஓர் இணை வேண்டியிருக்கிறது.

பெரிய பாய்மரப் படகுகள் கவிழாதிருக்க எராவின் அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமக்கின்றன. ஹோபி 16 இல் அப்பணியைச் செய்பவர்கள் அதனைச் செலுத்தும் இருவரே! காற்று பாயை அழுத்தும்போது, காற்று வரும் பக்கத்து உடல் நீரைவிட்டு மேலெழுகிறது. இருவரும் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்பைக் கொளுவி, படகின் விளிம்பில் கால் ஊன்றி, வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கின்றனர். நீரில் நிற்கும் மற்றோர் உடலை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். படகின் எடை அப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் தொலைவில் செயற்படுகிறது. இருவரின் எடை 130 கிலோகிராம் என்றும், அது 3 மீட்டர் தொலைவில் செயற்படுகிறது என்றும் கொண்டால், அவர்கள் தரும் திருப்புத்திறன் படகு தருவதைவிட இரு மடங்குக்கும் மிகுதி. செலுத்துவோர் கரையில் நின்றுவிட்டால் இப்படகு பாதிப் படகுகூட ஆகாது.

எரா இல்லாத படகு, பக்கவாட்டில் வீசும் காற்றால் ஒதுக்கப்பட்டுவிடாதா? அதற்கான விடையே இப்படகின் அமைப்பில் மிக நுட்பமானது. இதன் இரண்டு உடல்களும் சமச்சீரற்றவை. வெளிப்பக்கம் ஏறத்தாழத் தட்டையாகவும், உட்பக்கம் வளைந்தும் இருக்கும். நீர் வளைந்த பக்கத்தில் விரைந்து ஓட, அப்பக்கம் அழுத்தம் குறைகிறது. நீரில் ஆழ்ந்திருக்கும் உடல், வானூர்தியின் இறக்கையைப் போலவே, காற்று வரும் திசைநோக்கி இழுக்கப்படுகிறது. எரா செய்யவேண்டிய வேலையை உடலின் வடிவமே செய்துவிடுகிறது. சுக்கான்களும் மணலில் மோதினால் தாமே மேலெழும்.

இவற்றுக்கெல்லாம் விலையும் உண்டு. அணியம் மெலிந்திருப்பதால், பின்காற்றில் விரைந்தோடும்போது அது அலையில் புதைந்து, அமரம் மேலெழுந்து, படகு குட்டிக்கரணம் அடிப்பதுண்டு. காற்றுக்கு எதிரே திரும்புவதும் கடினம். எடை குறைந்த படகு ஓடிய வேகத்தை விரைவில் இழந்து, திருப்பத்தின் நடுவே நின்றுவிடும். தேர்ந்தவர்கள் முன்பாயைச் சிறிது நேரம் பழைய பக்கத்திலேயே பிடித்துவைத்து, காற்றே அணியத்தைத் தள்ளித் திருப்பும்படி செய்வர்.

இரட்டை உடற்படகின் விரைவு எல்லாருக்கும் உவப்பாக இருந்ததில்லை. 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடற்படகால் நியூயார்க் பந்தயத்தில் வென்றார். தோற்றவர்கள் முறையிட, அப்படகு தகுதி நீக்கம் செய்யப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின் நிலை மாறியது. 1974இல் மைக்கேல் வொரல் துணைவர் ஒருவருடன் ஹோபி 16 இல் வர்ஜீனியா கடற்கரையிலிருந்து புளோரிடா வரை சென்றார். ஏறத்தாழ ஆயிரம் மைல் நீண்ட அக்கரையோர வழியில் 1976 முதல் பந்தயமும் நடத்தப்பட்டது. அறையோ கூரையோ இல்லாத இப்படகில், நனைந்த துணித்தளமே அவர்களுக்கு வீடு.

கவிழ்ந்த படகை நிமிர்த்த, நீரில் கிடக்கும் உடல்மீது ஏறி நின்று கயிற்றைப் பற்றிப் பின்னோக்கிச் சாயவேண்டும். காலம் தாழ்த்தினால் பாய்மரம் அமிழ்ந்து படகு தலைகீழாகிவிடும். ஆதலால், பாய்மர உச்சியில் மிதவை பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. பாய்மரத்தில் செய்த மற்றொரு மாற்றத்துக்குக் காரணம் கடலன்று. பாய்மரத்தை நிமிர்த்திய நிலையிலேயே கரையில் படகை இழுத்துச் சென்றபோது, அலுமினிய உச்சி மேலே சென்ற மின்கம்பியில் பட்டுச் சிலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே பாய்மரத்தின் மேற்பகுதி, மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையால் செய்யப்படலாயிற்று.