அடியில் பொறித்த பெயர்

கேள்வி: வேலை விஷயமாக ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேக்குப் போன என் மகன் ஒரு கறுப்புக் கல் சிற்பம் வாங்கி வந்தான். தாயும் குழந்தையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த மாதிரி, தொட்டால் வழுக்கும் மினுமினுப்பு. 'ஷோனா சிற்பம், ஆயிரம் வருடத்து மரபு' என்று சொல்லி விற்றார்களாம். உண்மைதானா? இதை எப்படிப் பராமரிப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த மரபுக்கு வயது சுமார் எழுபதுதான் அம்மா. ஜிம்பாப்வே என்ற பெயருக்கே 'கல் வீடுகள்' என்றுதான் பொருள். கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த மாக்கல் பறவை இன்று அந்நாட்டுக் கொடியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பறவைகளைச் செதுக்கியவர்களுக்கும் இன்றைய சிற்பிகளுக்கும் இடையில் அறுபடாத பரம்பரை எதுவும் கிடையாது.

1957இல் அன்று ரொடீசியா எனப்பட்ட ஜிம்பாப்வேயில் தேசியக் கலைக்கூடம் திறந்தது. அதன் முதல் இயக்குநர் ஃபிராங்க் மெக்கீவன் ஆங்கிலேயர். உள்ளூர்க்காரர்களை வரையவும் செதுக்கவும் தூண்டினார். நியாங்கா மலைப்பகுதியில் வேளாண் அலுவலராக இருந்த ஜோரம் மரிகா அதற்குள் தானாகவே கல் செதுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு முன்னோடியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் மரிகாவைத்தான் சொல்வேன்.

அடுத்தது டெங்கெனெங்கே என்ற சிற்பக் கிராமம். 1965இல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. உலக நாடுகள் தடை விதித்தன. புகையிலை வியாபாரம் படுத்தது. டாம் புளூம்ஃபீல்ட் என்ற புகையிலைப் பண்ணையாரின் நிலத்திலேயே செதுக்குவதற்கு ஏற்ற கல் இருந்தது. 1966இல் அவர் பண்ணையைச் சிற்பக் கிராமமாக மாற்ற, தொழிலாளர்கள் உளி பிடித்தார்கள். அவர்களில் பலர் மலாவி, அங்கோலா, மொசாம்பிக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷோனா இனத்தவரே அல்ல. 1971இல் பாரிஸின் ரோதேன் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்கும் ஷோனா என்றே பெயர் வைத்தார்கள். விற்பனைக்கு வசதியான அந்தப் பெயர், செதுக்கியவர்களின் சொந்தப் பெயர்களை மறைத்துவிட்டது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

மூன்று சிற்பிகளைப் பாருங்கள். ஹென்றி முன்யாரட்ஸி சில கோடுகளிலேயே ஒரு முகத்தை வரவழைத்துவிட்டார். கொலீன் மடமோம்பே என்ற பெண் சிற்பி முகத்தை மட்டும் மெருகேற்றி, பாவாடையையும் தலைமுடியையும் சொரசொரப்பாகவே விட்டார். அவர் செதுக்கிய பெண்கள் நடக்கிற மாதிரியே இருக்கும். பெர்னார்ட் மட்டெமெராவின் பருத்த உருவங்கள் சிலவற்றுக்கு மூன்றே விரல்கள். 1986இல் டெல்லியில் நடந்த டிரையெனாலே கண்காட்சியில் நம் லலித் கலா அகாதெமி அவருக்கு விருது கொடுத்தது. இந்த மூவரையும் ஒரே இனப்பெயரில் அடக்கினால் எதுவும் புரியாது.

உங்களிடம் இருப்பது அநேகமாக ஸ்பிரிங்ஸ்டோன் என்ற கல். மாக்கல்லைவிட நல்ல கடினம். சுத்தியல், உளி, அரம் என்று போய், தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். முதலில் கரடானது, பிறகு படிப்படியாக மெல்லியது. கடைசியில் கல்லைச் சூடாக்கி நிறமற்ற மெழுகைப் பூசுவார்கள். சாம்பல் நிறமாகக் கிடந்த கல் அப்போதுதான் கறுக்கும்.

அதனால் எண்ணெய் தடவாதீர்கள். கறுப்புக் கல்லைக் கண்டால் நம் கை எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். எண்ணெயில் தூசி ஒட்டி மெருகு மங்கிவிடும். மங்கினால் சற்று வெயிலில் வைத்து, கல் சூடானதும் நிறமற்ற மெழுகை லேசாகப் பூசிப் பருத்தித் துணியால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு இறங்கினால், மென்மையான கல்லுக்கு ஷூ பாலிஷ் போட்டு விற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சிற்பத்தை மெதுவாகச் சாய்த்து அடிப்பாகத்தையும் பின்புற ஓரத்தையும் பாருங்கள். செதுக்கியவர் பெயரைப் பொறித்திருந்தால் அதை ஒரு தாளில் எழுதிச் சிற்பத்தோடு வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் ஷோனா சிற்பம் என்று சொல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.