பவளம் உண்ணும் சுண்ணாம்பு

மீமிசல்,
ஆடி அமாவாசை.

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய படங்களையும், காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பிய எண்களையும் நேற்றிரவு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். உன் தொட்டியிலுள்ள கிளைப்பவளத்தின் நுனிகளெல்லாம் நகக்கண் அளவுக்கு வெளுத்துப்போய், கீழே தண்டு மட்டும் பழைய பழுப்பு நிறத்தோடு நிற்கிறது. காரத்தன்மை பதினொன்றரை என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். "புட்டியில் எழுதியபடிதானே ஊற்றினேன் பெரியப்பா, தப்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறாய். துபாயிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகள் இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறபடியால், உனக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளும் பவளத்தொட்டி வைத்தவனல்லன். கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே இந்தக் கரையோரத்து இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்வதே, வரி இறால் காலந்தொட்டு 2009-க்குப் பின் வந்த வனாமி இறால் காலம் வரையில், என் ஜீவனமாக இருந்திருக்கிறது. ஆனால் இறாலும் பவளமும் வீடு கட்டுவதற்கு எடுக்கிற சரக்கு ஒன்றே: கால்சியம், அதனோடு பைகார்பனேட். இங்கே அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஒரு குளத்து இறால்கள் கூட்டமாய்த் தோலுரிக்கும். மறுநாள் விடியற்காலையில் வலையில் எடுத்துப் பார்த்தால் விரலுக்கு வெண்ணெய்போல் நசுங்கும். அந்த மெல்லிய தோல் சில மணி நேரத்துக்குள் கடினப்பட வேண்டும். அதற்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்தே அது உறிஞ்சிக்கொள்வதால், அன்று குளத்து நீரின் காரத்தன்மை சட்டென்று இறங்கிவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இறால் செய்கிற இந்தக் காரியத்தைப் பவளம் இரவும் பகலும் ஓயாமல் செய்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

காரத்தன்மை என்ற இந்தச் சொல்லே பலரைக் குழப்புகிறது. மிளகாயின் காரத்தை விடு. படித்தவர்கள்கூட இதைப் பி.எச். என்று எண்ணிக்கொள்கிறார்கள். பி.எச். என்பது இந்த க்ஷணத்தில் தண்ணீர் இருக்கிற நிலை. காரத்தன்மையோ அமிலம் வந்தால் விழுங்கிக்கொள்வதற்குத் தண்ணீர் கையில் வைத்திருக்கிற இருப்பு. கடலில் அந்த இருப்பு, உன் பரீட்சைப் பெட்டி காட்டுகிற டி.கே.எச். என்ற அளவில், ஏறக்குறைய ஏழு. எங்கள் பண்ணைக் கணக்கில் நூற்று இருபது பி.பி.எம்.முக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். கால்சியமோ லிட்டருக்கு நானூற்றுச் சொச்சம் மில்லிகிராம். பவளம் இவ்விரண்டையும் தன் இஷ்டம்போல் எடுப்பதில்லை, காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறையும்போது கால்சியம் 20 மில்லிகிராம்தான் குறையும், அது பிரகிருதியின் விதி. ஆகவே ஒன்று நானூறு ரூபாய் இருப்பிலிருந்து இருபது ரூபாய் செலவழிப்பதுபோலவும், மற்றொன்று ஏழு ரூபாயிலிருந்து ஏறக்குறைய மூன்று ரூபாய் செலவழிப்பதுபோலவும் ஆகிறது. எது முதலில் காலியாகும் என்பதை உன் தகப்பனார் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தினந்தோறும் பார்க்க வேண்டியது காரத்தன்மையை. கால்சியத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். புட்டிமேல் ஒட்டிய சீட்டில் 'நூறு லிட்டருக்கு இத்தனை மில்லி' என்று போட்டிருக்கிறதே, அதை எழுதியவருக்கு உன் தொட்டியில் எத்தனை பவளம் இருக்கிறது, அவை இளசா முதிர்ந்தவையா, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பது ஒன்றும் தெரியாது. நீ வைத்திருப்பதோ கட்டைவிரல் பருமனுள்ள எட்டுக் கிளைகள். அவை உண்டது கொஞ்சம், நீ பரிமாறியது அதிகம். மிச்சம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே வந்து பதினொன்றரையில் நின்றது. போதாக்குறைக்கு உன் தாளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று கண்டிருக்கிறது. எலும்பு வளரச் சரக்கு ஏராளம், மேல்தோல் வளரத் தீனி இல்லை. இப்படிப்பட்ட தொட்டிகளில்தான் நுனி கருகுவதாகப் பவளம் வளர்ப்போர் அனுபவத்தில் கண்டு சொல்கிறார்கள். இப்போது நீ செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமலிருப்பது. எதையாவது ஊற்றிக் காரத்தன்மையை இறக்கலாமென்று நினையாதே. புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, பவளங்கள் தாமே உண்டு அதை எட்டுக்குக் கொண்டுவரும்வரை காத்திரு. மீனுக்குப் போடும் தீனியை மட்டும் சற்றுத் தாராளமாகப் போடு.

எட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். மூன்று நாள் ஒன்றும் சேர்க்காதே. முதல் நாளும் நான்காம் நாளும் ஒரே நேரத்தில், விளக்குப் போடுமுன், பரீட்சை செய். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீரை எடுத்து, மேல்விளிம்பு வளைவாகத் தெரியுமே, அந்த வளைவின் அடியைக் கண்ணுக்கு நேராக வைத்துக் கோட்டோடு சரிபார். துளி போடும்போது புட்டியைச் செங்குத்தாகப் பிடி; சாய்த்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறும், மாறினால் கணக்குக் கெடும். ஒவ்வொரு துளிக்கும் குழாயைச் சுழற்று. நீலம் வெளிறி, பச்சையென்றும் மஞ்சளென்றும் சொல்ல முடியாத ஒரு மயக்க நிறம் வரும். அங்கே நிறுத்தாதே, இன்னொரு துளி விடு. வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் மஞ்சள் தெளிவாகத் தெரிகிற அந்தத் துளியோடுதான் உன் கணக்கு முடியும். நான் முப்பது வருஷமாக பியூரெட்டில் இதைச் செய்தும், அந்த மயக்க நிறத்தில் இன்றும் ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்கிறேன்.

மூன்று நாளில் ஒன்றரை டி.கே.எச். இறங்கியதென்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அரை. உன் இருநூறு லிட்டர் தொட்டிக்கு அந்த அரையை ஈடுசெய்ய மூன்று கிராம் ஆப்பச் சோடா போதும். அதோடு ஒத்துப்போகிற கால்சியத்துக்கு, நீர் கலந்த படிகமாக விற்கிற கால்சியம் குளோரைடு இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூட. இதுதான் நீ வெள்ளிகளைக் கொட்டி வாங்கிய இரண்டு புட்டிகளின் ரகசியம். (ஆப்பச் சோடாவென்றால் சோடியம் பைகார்பனேட், கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதே, அதில் அமிலமும் கலந்திருக்கும்.) இரண்டையும் தனித்தனியே நல்ல நீரில் கரைத்து, ஒன்றைக் காலையிலும் ஒன்றை மாலையிலும், நீரோட்டம் வேகமாயிருக்கிற மூலையில் விடு. ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினாயானால், பவளம் உண்பதற்குமுன் அவையிரண்டும் தமக்குள்ளே கல்யாணம் செய்துகொண்டு வெண்பனிபோல் அடியில் படிந்துவிடும். அந்தப் படிவைத் தடுத்து வைத்திருப்பது மக்னீசியம் என்பதால், அது லிட்டருக்கு ஆயிரத்து முந்நூறு மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்று மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள். இவ்விரண்டு உப்புகளும் காரியம் முடித்தபின் விட்டுச்செல்வது சாதாரண உப்பு ஆகையால், நாளாவட்டத்தில் உப்புத்தன்மையும் மெல்ல ஏறும். ஒருகால் காரத்தன்மை மிகவும் தாழ்ந்துபோயிருந்தாலும், ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதே.

ஏன் இவ்வளவு நிதானம் என்று கேட்பாய். வரி இறால் காலத்தில், என் கை இளசாயிருந்தபோது, ஒரு குளத்தில் காரத்தன்மை எழுபதுக்கு இறங்கியதைக் கண்டு பதறி, அந்தியில் கொஞ்சங் கொஞ்சமாய்ப் போட வேண்டிய நீற்றிய சுண்ணாம்பை ஒரே நாளில், அதுவும் நடுப்பகலில், மூட்டை மூட்டையாய் இறைக்கச் சொன்னேன். பாசி ஏற்கனவே வெயிலில் பி.எச்.சை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்த வேளை அது, சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டது. பி.எச். ஏற ஏறத் தண்ணீரிலுள்ள அம்மோனியா விஷமாக மாறும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததும் கையும் அன்று வேறுவேறு திக்கில் போயின. மறுநாள் கரையோரம் ஒதுங்கிய இறாலை அந்தப் பண்ணைக்காரர் ஒன்றும் பேசாமல் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அந்தச் சுண்ணாம்பையே நான் உனக்குச் சிபாரிசு செய்யப்போகிறேன் என்றால் சிரிப்பாய். உன் அப்பத்தா வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பி இருக்குமே, அதில் தண்ணீர் விட்டு வைத்தால் மேலே தெளிந்து நிற்கிற நீருண்டல்லவா? அந்தத் தெளிநீரையே 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்ற ஜெர்மானியர் பவளத்தொட்டிக்கு ஊற்றும் முறையைப் பரப்பினார். இன்றும் அவர் பாஷைச் சொல்லாலேயே, சுண்ணாம்புநீர் என்ற பொருளில், கால்க்வாசர் என்று உலகமெங்கும் வழங்குகிறது. இதன் அழகு என்னவென்றால், கால்சியமும் காரத்தன்மையும் பவளம் கேட்கிற அதே விகிதத்தில் ஒரே நீரில் அடங்கியிருக்கின்றன. உப்பு மிச்சம் விழுவதில்லை. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் சுண்ணாம்பு கரையும், எத்தனை அள்ளிப்போட்டாலும் மற்றது அடியில் தங்கிவிடும். வெந்நீரில் இன்னும் குறைவாகவே கரையும் என்பது இதன் விசித்திர குணம். உன் தொட்டியின் அரை டி.கே.எச். செலவுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான தெளிநீர் போதும்; தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகிற நீருக்குப் பதிலாக நீ எப்படியும் நல்ல நீர் விட்டுக்கொண்டுதானே இருக்கிறாய், அதில் ஒரு பங்கை இதுவாக மாற்றிக்கொள்.

ஆனால் இதன் பி.எச். பன்னிரண்டைத் தாண்டும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக, இரவு விளக்கணைந்தபின், பி.எச். தாழ்ந்திருக்கிற நேரத்தில் இறங்க வேண்டும். கண்ணில் தெறிக்க விடாதே. வெற்றிலைச் சுண்ணாம்பை நேரே எடுக்காமல், சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடாக வாங்கு. பாத்திரத்தை மூடிவை, திறந்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு படியும், அந்த ஏடு வீணாய்ப்போன சரக்கு. நீ குளிர்சாதன அறையில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வசிப்பதால், உன் மூச்சுக்காற்றே தொட்டியின் பி.எச்.சை இறக்கி வைத்திருக்கும்; அதைக் கண்டு சோடாவைக் கூட்டாமல், ஒரு ஜன்னலைத் திற. இந்தச் சுண்ணாம்புநீருங்கூட அந்த வாயுவைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

கடைசியாக, லீவுக்கு வரும்போது மண்டபம் பக்கத்தில் கரையொதுங்கிய பவளக்கல் இரண்டு எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. நம் மீமிசல் கடலில் சேறும் கடற்புல்லுந்தான். கல்லுப்பார் என்கிற பவளப்பாறை வேண்டுமானால் தெற்கே போக வேண்டும், அங்கேயோ 2001 முதல் கல்பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமானமாக, வைக்கப்பட்டிருக்கின்றன. செத்ததாயினும், கரையொதுங்கியதாயினும் கை வைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பாரை வெட்டிப் படகு படகாக ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் கொடுத்தார்கள். 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் அமிழ்ந்துபோயின. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இரண்டு தசாப்தங்களாகச் சிமென்ட்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி அந்தக் கடலடியில் நட்டு வருகிறார்கள். உன் தொட்டிக்கு அடுப்பில் சுட்ட செயற்கைக் கல்லே போதும். அங்கே வாங்குகிற பவளத்துக்கும் சர்வதேச உடன்படிக்கைப்படி அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்டு வாங்கு.

வரும்போது உன் துளிப் பரீட்சைப் பெட்டியை மறவாமல் எடுத்து வா. துறையிலிருந்து ஒரு குடம் கடல்நீர் மொண்டு வரச் சொல்கிறேன். உன் துளியும் என் பியூரெட்டும் ஒரே தண்ணீரில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.